ஆங்கிலத்தில் கெப்பிட்டல் எழுத்து எங்கே வர வேண்டும்? மகளின் கட்டுரையில் 14 சிவப்பு வட்டங்கள்

களுவாஞ்சிகுடித் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் தரம் 10இல் படிக்கிறாள். சென்ற வாரம் "எனது கிராமம்" என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கட்டுரை எழுதினாள். கொப்பி திரும்பி வந்தபோது அதில் 14 சிவப்பு வட்டங்கள் இருந்தன. எழுத்துக்கூட்டலில் பிழை இல்லை, இலக்கணத்திலும் பிழை இல்லை. கெப்பிட்டல் வர வேண்டிய இடத்தில் சிம்பிள் எழுத்தும், சிம்பிள் வர வேண்டிய இடத்தில் கெப்பிட்டலும் வந்ததற்காகவே அத்தனை வட்டங்களும் போடப்பட்டிருந்தன. எது ஏன் பிழை என்று ஓரத்தில் ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. பிள்ளை இரண்டு நாளாக அந்தக் கொப்பியைத் திறக்க மறுக்கிறாள்.

என்னைக் குழப்புவது இதுதான். முதல் வரியில் மட்டக்களப்பு வாவியை "பட்டிக்கலோ லகூன்" என்று எழுதும்போது லகூன் என்ற சொல்லைச் சின்ன எல் போட்டுத் தொடங்கியிருக்கிறாள், அது பிழையாம். மூன்றாம் வரியில் "த லகூன்" என்று பெரிய எல் போட்டு எழுதியிருக்கிறாள், அதுவும் பிழையாம். ஒரே வாவி, ஒரே சொல், இரண்டும் பிழை என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வது? "என் அம்மா ஓர் ஆசிரியை" என்ற வாக்கியத்தில் மதர், ரீச்சர் என்ற இரண்டு சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். அவற்றுக்கும் வட்டம். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "அம்மாவைச் சின்ன எழுத்தில் எழுதினால் மரியாதை இல்லைத்தானே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் அவளுடன் சேர்ந்து நானும் படிப்பேன்.

வாவிக்கரை ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். மரியாதைக்காகப் பெரிய எழுத்துப் போடும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். அதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். தமிழில் மரியாதை சொல்லிலேயே தெரியும். வந்தான் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் உள்ள தூரம் நமக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். ஆங்கிலத்தில் அந்த "ஆர்" விகுதி இல்லாதபோது, பிள்ளையின் மனம் அதற்குப் பதிலாக வேறு எதையோ தேடுகிறது. கண்ணில் படுவது கெப்பிட்டல் எழுத்து. ஆகவே மதர், ரீச்சர், பிரின்சிபல், டொக்டர் எல்லாம் பெரிய எழுத்தில் எழுந்து நிற்கின்றன. சந்தைக்காரரும் மீனவரும் சின்ன எழுத்திலேயே இருந்துவிடுகிறார்கள். உங்கள் மகளின் கட்டுரையிலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலக் கெப்பிட்டல் பொதுவாகக் கேட்கும் கேள்வி வேறு. இந்தச் சொல் ஒருவரை அல்லது ஒன்றைக் கூப்பிடும் பெயரா, அல்லது அந்த இனத்தில் எதற்கும் பொருந்தும் சொல்லா என்பதே அந்தக் கேள்வி. "பட்டிக்கலோ லகூன்" என்பது ஒரே ஒரு வாவியின் பெயர். அதில் லகூன் என்பது பெயரின் பாதி, ஆகவே பெரிய எல். மூன்றாம் வரியில் "த லகூன்" என்றபோது அதே நீரைத்தான் சுட்டுகிறாள் என்றாலும், சொல் பெயராக நிற்கவில்லை. வாவி என்ற பொதுச் சொல்லாக நிற்கிறது. நீர்கொழும்பில் இருப்பவரும் தன் வாவியை அதே சொல்லால் குறிப்பிடலாம். கல்லடிப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "கல்லடி பிரிட்ஜ்" என்றால் இரண்டும் பெரிய எழுத்து. அதன் பழைய பெயரான "லேடி மனிங் பிரிட்ஜ்" என்றால் மூன்றும் பெரிய எழுத்து. "நாங்கள் பாலத்தைக் கடந்தோம்" என்றால் பிரிட்ஜ் சின்ன எழுத்து. பாலம் சிறியதாகிவிடவில்லை.

அம்மாவுக்கும் இதே கணக்குத்தான். "மை மதர்" என்னும்போது மதர் என்பது உறவைச் சொல்லும் சொல், சின்ன எம். ஆனால் பிள்ளை உங்களை நேரே அழைத்து, "மதர், எனக்குப் பசிக்கிறது" என்று எழுதினால் அந்தச் சொல் உங்கள் பெயரின் இடத்தில் நிற்கிறது, பெரிய எம். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு உங்கள் இயற்பெயரை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கியம் இயல்பாக நின்றால் கெப்பிட்டல், தடுக்கினால் சிம்பிள். "என் அம்மா" என்பதில் அம்மாவை எடுத்துவிட்டு உங்கள் பெயரை வைத்தால் அது தடுக்கும்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நன்றாகத் தமிழ் படிக்கும் பிள்ளைகள்தான் அதில் விழுகிறார்கள். பெயர்ச்சொல்லின் ஆங்கில வகைகளைப் படிப்பிக்கும்போது கெப்பிட்டல் பெறும் வகையைச் "சிறப்புப்பெயர்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். தமிழ்ப் பாடத்திலோ நன்னூலின் வழியில் மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர், பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர் என்று பிள்ளை படித்திருக்கிறது. அந்த அறிவோடு ஆங்கிலத்துக்கு வந்து கோக்கனட், மாங்கோ, பால்மைரா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதுகிறது. நன்னூலின் சிறப்புப்பெயர் ஓர் இனத்துக்குள் உள்ள வகையைப் பிரித்துக் காட்டுவது. ஆங்கிலம் கெப்பிட்டல் கொடுப்பது அந்த வகைக்குள்ளும் ஒன்றே ஒன்றுக்கு இட்ட பெயருக்கு. அதனால் நான் வகுப்பில் சிறப்புப்பெயர் என்ற சொல்லையே விட்டுவிட்டு, "கூப்பிடும் பெயர்" என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு கொப்பிகளில் தென்னையும் மாவும் சிறிய எழுத்துக்கு இறங்கின.

ஒலுவில் மாணவி எழுதியது:

சேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் பகுதியில் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு முன்பு பழகும் எழுத்துகள் எவற்றிலும் பெரியது, சின்னது என்ற பிரிவே இல்லை. தமிழில் இல்லை, சிங்களத்தில் இல்லை, மத்ரஸாவில் நாங்கள் ஓதப் பழகிய அரபு எழுத்திலும் இல்லை. மூன்று எழுத்து முறைகளில் தேடினாலும் கிடைக்காத ஒன்றை நான்காவதில் திடீரென்று சந்திக்கிறோம். இதை எந்த ஆசிரியராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நான் சிறு வயதில் என்னை மந்தமானவள் என்று நினைத்திருக்கமாட்டேன்.

மரியாதையைப் பற்றி எனக்கு இருந்த பெரிய குழப்பம் "ஐ" என்ற சொல். நான் என்பதற்கு எப்போதும் பெரிய எழுத்து. நீங்கள் என்பதற்கு வாக்கியத்தின் நடுவில் சின்ன எழுத்து. தன்னை உயர்த்தி எதிரில் இருப்பவரைத் தாழ்த்தும் மொழியா இது என்று தோன்றியது. காரணம் எழுத்தின் உருவத்தில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் "இச்" என்பதுபோல் ஒலித்தது; காலப்போக்கில் மெய்யெழுத்துத் தேய்ந்து ஒற்றை உயிரெழுத்து மட்டும் மிஞ்சியது. கையெழுத்துப் பிரதிகளில் தனியே நிற்கும் ஒரு சிறிய கோடு கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் அதை நீட்டி எழுதும் வழக்கம் வந்து, பிறகு அதுவே நிலைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஜெர்மன் மொழியில் இது நேர்மாறு: நான் என்பது சின்ன எழுத்து, மரியாதையோடு நீங்கள் என்று சொல்லும் "ஸீ" என்ற சொல் பெரிய எழுத்து. களுவாஞ்சிகுடித் தங்கை ஜெர்மன் படித்திருந்தால் அவளுடைய எண்ணம் அந்த ஒரு சொல்லிலாவது சரியாக இருந்திருக்கும்.

கல்முனை வாசகர் எழுதியது:

ஆசிரியரின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் முழுமையாக ஏற்க முடியவில்லை. கடவுளைக் குறிக்கும்போது ஆங்கிலேயர் "ஹீ" என்ற சொல்லைக்கூடப் பெரிய எழுத்தில் எழுதுகிறார்கள். அது மரியாதை இல்லாமல் வேறென்ன? நான் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவன். கடிதங்களில் பிரதேச செயலாளரையோ அதிபரையோ சின்ன எழுத்தில் எழுதினால் அந்தக் கடிதம் கையொப்பத்துக்கே போகாது. "டியர் சேர்" என்பதிலும் இரண்டு சொற்களும் பெரிய எழுத்துத்தான். மரியாதைக்கு இடமே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் நாளை அலுவலகத்தில் அவர்கள்தான் சங்கடப்படுவார்கள்.

வாவிக்கரை ஆசிரியர் எழுதியது:

நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் "பொதுவாக" என்ற சொல்லைப் போட்டது அதற்காகத்தான். இறைவனைக் குறிக்கும் பிரதிப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு, அது பக்தியின் அடையாளம்தான். ஆயினும் 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தைத் திறந்து பாருங்கள். வாக்கியத்தின் நடுவில் இறைவனைக் குறிக்கும் "ஹீ", "ஹிம்" ஆகியவை சின்ன எழுத்திலேயே இருக்கும். பக்தி குறைந்தவர்கள் செய்த மொழிபெயர்ப்பு அல்ல அது. ஆகவே அதை ஒரு விருப்ப வழக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

"கோட்" என்ற சொல் வேறு. ஒரே இறைவன் என்ற கருத்தில் அதைச் சொல்லும்போது அது அவனுடைய பெயராகவே ஆகிவிடுகிறது, எனவே பெரிய ஜீ. "முருகன் என்ற கடவுள்" என்று எழுதும்போது முருகனுக்குப் பெரிய எழுத்து, கடவுள் என்ற சொல்லுக்குச் சின்ன எழுத்து. எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வைகாசிச் சடங்கு முடிந்த வாரத்தில் ஒரு மாணவி கண்ணகி அம்மனைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். "கொடஸ்" என்ற சொல்லில் நான் சிவப்பு மை வைத்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. அம்மாளைப் போய் எப்படிச் சின்ன எழுத்தில் எழுதுவது சேர் என்று கேட்டாள். "கண்ணகி அம்மன்" என்ற இரண்டு சொற்களும் பெரிய எழுத்தில்தானே இருக்கின்றன, அம்மாளின் பெயரை யாரும் தொடவில்லை, தெய்வம் என்ற பொதுச்சொல்லைத்தான் சிறிதாக எழுதச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானே திருத்தினாள். சிவப்பு மையை வைக்கும் முன்பே அதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகக் கடிதத்தில் பதவிப் பெயர்கள் பெரிய எழுத்தில் வருவது உண்மை, அதை நான் பிழை என்று சொல்லவில்லை. ஒரு நிறுவனம் தன் கடிதங்களில் தன் பதவிகளுக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறது. சட்ட ஆவணங்களில் குத்தகை கொடுப்பவர், வாங்குபவர் என்ற சொற்களுக்குக்கூடப் பெரிய எழுத்து உண்டு. ஆனால் கட்டுரையிலும் செய்தியிலும் வழக்கு வேறு. பதவி பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால், அதாவது "புரொபெஸர் விபுலானந்தா" என்பதுபோல் வந்தால் பெரிய பீ. "அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியராக இருந்தார்" என்று வந்தால் புரொபெஸர் சின்ன பீ. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் பெருமை அந்த ஓர் எழுத்தில் குறைந்துவிடாது.

விண்ணப்பக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்காக ஒன்று: "டியர் சேர்" என்பதில் நண்பர் சொன்னபடி இரண்டும் பெரிய எழுத்து. ஆனால் கடைசியில் வரும் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி" என்பதில் முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து. ஃபெய்த்ஃபுலி சின்ன எஃப். நம் நாட்டில் பத்துக் கடிதம் எடுத்தால் பெரும்பாலானவற்றில் இரண்டும் பெரிதாகத்தான் இருக்கும்.

சம்மாந்துறை விவசாயப் போதனாசிரியர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சேர், என் வேலையில் தினமும் வரும் ஒரு சிக்கலைக் கேட்கிறேன். ஸ்பிரிங், சமர், வின்டர் போன்ற பருவங்களுக்குக் கெப்பிட்டல் இல்லை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் எங்கள் அறிக்கைகளில் மஹா, யால என்ற போகங்களை எப்படி எழுதுவது? எங்கள் திணைக்கள ஆவணங்களில் பெரிய எழுத்தில்தான் வருகின்றன, ஆனால் ஒரு புத்தகத்தில் சின்ன எழுத்தில் கண்டேன். வடகீழ் பருவமழையை எப்படி எழுதுவது? விதைநெல் மூட்டைகளில் பிஜி 94 என்று அச்சடிக்கும்போது ஒருவர் இரண்டு எழுத்தையும் பெரிதாக அடிக்கிறார், இன்னொருவர் இரண்டாவதைச் சிறிதாக அடிக்கிறார். விவசாயிகள் என்னிடம் கேட்கிறார்கள், இரண்டும் ஒரே நெல்லா என்று.

வாவிக்கரை ஆசிரியர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. பருவங்களின் பொதுச் சொற்களுக்குப் பெரிய எழுத்து இல்லை என்பது சரி. கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் உண்டு, பருவங்களுக்கு இல்லை என்பதைப் பிள்ளைகள் நினைவில் வைக்க நான் ஒன்று சொல்வதுண்டு: வியாழனின் ஆங்கிலப் பெயருக்குள் தோர் என்ற தெய்வம் இருக்கிறது, ஜூலைக்குள் ஜூலியஸ் சீசர் இருக்கிறார், ஓகஸ்ட்டுக்குள் அகஸ்டஸ் இருக்கிறார், கோடைக்குள் யாரும் இல்லை. எல்லா மாதங்களுக்கும் இது பொருந்தாது, நினைவுக்கு மட்டும்.

மஹாவும் யாலவும் ஆங்கிலச் சொற்கள் அல்ல. ஆங்கில வாக்கியத்துக்குள் அவை இந்நாட்டின் குறிப்பிட்ட இரண்டு போகங்களின் பெயர்களாகவே வருகின்றன. நாம் பெரும்போகம், சிறுபோகம் என்று சொல்லும்போது அந்தச் சொற்களுக்குப் பொருள் தெரிகிறது. ஆங்கில வாசகருக்கு மஹா என்பது வெறும் பெயர். ஆகவே மஹா என்பதில் பெரிய எம், அதை அடுத்து வரும் சீஸன் என்பதில் சின்ன எஸ் என்று எழுதுவதே என் முடிவு. பருவமழையை, வடகிழக்கு என்ற திசைச்சொல் உட்பட, சின்ன எழுத்தில் எழுதலாம்.

திசைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் கிழக்கில் வாழ்கிறோம். "சூரியன் கிழக்கில் உதிக்கிறது" என்றால் ஈஸ்ட் சின்ன எழுத்து. "ஈஸ்டர்ன் புரொவின்ஸ்" என்றால் இரண்டும் பெரிய எழுத்து. 1986இல் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை நிறுவனத்தின், அதாவது கிழக்குப் பல்கலைக்கழகத்தின், பெயரில் வரும் ஈஸ்டர்னும் அப்படியே. "கிழக்கு மக்கள்" என்று மாகாணத்தைக் கருத்தில் வைத்து எழுதும்போது அது ஓர் இடத்தின் பெயராகிறது. பெரிய ஈ போடலாம். உங்கள் பக்கத்துக் கல்லோயாத் திட்டத்தைப் பற்றி எழுதினால், 1949இல் தொடங்கிய கல்லோயா அபிவிருத்திச் சபையின் முழுப் பெயருக்குப் பெரிய எழுத்துகள். அடுத்த வாக்கியத்தில் "சபை" என்று மட்டும் சொன்னால் போர்ட் என்பதில் சின்ன பீ.

நெல் மூட்டைக்கு நீங்களே விடை சொல்லுங்கள். அந்த இரண்டு எழுத்துகள் எங்கிருந்து வந்தவை?

சம்மாந்துறை விவசாயப் போதனாசிரியர் எழுதியது:

பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலிருந்து வந்தவை, சேர். பெரிய பி, சின்ன ஜி. அம்பலாந்தோட்டையில் உருவான இனங்களுக்குப் பெரிய ஏ, சின்ன ரி. ஓர் ஊரின் பெயரைச் சுருக்கியபோது முதலெழுத்து மட்டும் பெரிதாக நின்றிருக்கிறது. இப்போது விவசாயிகளுக்குச் சொல்ல முடியும்: நெல் ஒன்றுதான், ஒரு மூட்டையில் எழுத்துப் பிழை.

காரைதீவு அச்சகத்தார் எழுதியது:

இந்த இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், என் தொழிலுக்குள் வந்துவிட்டது. என் தகப்பனார் ஈய எழுத்துக் கோத்தவர். எங்கள் பழைய அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்துகளுக்கு அகன்ற தட்டுகள், அறைக்கு அறை உயிர்மெய்கள். ஆங்கிலத்துக்குச் சாய்வான சட்டத்தில் இரண்டு தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று. மேல்தட்டில் பெரிய எழுத்துகள், கைக்கு அண்மையில் இருந்த கீழ்த்தட்டில் சின்ன எழுத்துகள், ஏனென்றால் அவைதான் அடிக்கடி வேண்டும். ஆங்கிலத்தில் அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்று சொல்வது அந்தத் தட்டுகளால்தான். நாம் இலங்கையில் சொல்லும் சிம்பிள் லெட்டர் என்ற பெயர் இங்கிலாந்தில் வழங்குவதில்லை என்பதையும் வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஸ்மோல் லெட்டர் அல்லது லோயர் கேஸ் என்றால்தான் விளங்கும்.

நான் அதிகம் சண்டை பிடிப்பது தலைப்புகளுக்காக. நூலின் தலைப்பை அச்சிடும்போது முதற்சொல், கடைசிச்சொல், முக்கியமான சொற்கள் எல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும். இடையில் வரும் "ஒஃப்", "த", "அன்ட்" போன்றவை சின்ன எழுத்தில் இருக்கும். "வித்" என்ற நான்கெழுத்துச் சொல்லில்தான் குழப்பம். அமெரிக்க ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு நான்கெழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொற்களுக்குப் பெரிய எழுத்துக் கொடுக்கிறது. சிக்காகோ கையேடு நெடுங்காலம் "வித்" போன்ற முன்னிடைச் சொற்கள் எவ்வளவு நீளமானாலும் சின்ன எழுத்தில் வைத்தது, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில் ஐந்தெழுத்திலிருந்து பெரிதாக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. ஆகவே வாடிக்கையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எதையாவது ஒன்றைத் தேர்ந்து புத்தகம் முழுவதும் அதையே வையுங்கள்.

முழுவதையும் பெரிய எழுத்தில் அடித்துத் தரச் சொல்பவர்களும் உண்டு, அறிவித்தல் பலகைகளுக்கு முக்கியமாக. நான் மறுத்துப் பார்ப்பேன். சின்ன எழுத்துகளில் சில மேலே நீளும், சில கீழே தொங்கும்; அந்த மேடுபள்ளத்தால் ஒரு சொல்லுக்குத் தனி உருவம் கிடைக்கிறது. எல்லாம் பெரிய எழுத்தானால் ஒவ்வொரு சொல்லும் செங்கல் போல் ஒரே உயரம். பிரித்தானியாவில் 1950களின் இறுதியில் நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜொக் கின்னியரும் மார்கரெட் கல்வெர்ட்டும் ஊர்ப்பெயர்களை முதலெழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சின்னதாக அமைத்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பச் சொல்வது வேறு காரணத்துக்காக. அங்கே கையெழுத்தின் சுழிகளை அடக்குவதுதான் நோக்கம்.

ஒலுவில் மாணவி எழுதியது:

அச்சகத்தார் ஐயாவின் தட்டுகள் என் பாடத்துக்கும் உதவுகின்றன. அறிவியலில் இந்தப் பிழை அழகு சார்ந்ததாக இல்லாமல் பொருளையே மாற்றிவிடும். பெரிய சீயும் சின்ன ஓவும் சேர்ந்தால் கோபோல்ட் என்ற உலோகம். இரண்டும் பெரிதானால் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு. சின்ன எம்முடன் டபிள்யூ எழுதினால் வாற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய எம் என்றால் பத்து இலட்சம் வாற்று. கடைத் தராசுகளிலும் மூட்டைகளிலும் கிலோகிராமைப் பெரிய கே போட்டு எழுதுகிறார்கள். பெரிய கே வெப்பநிலையின் அலகான கெல்வினுக்கு உரியது. நெல்லின் விஞ்ஞானப் பெயரான ஒரைசா சட்டைவா என்பதில் முதற்சொல்லுக்கு மட்டுமே பெரிய எழுத்து.

பாடங்களின் பெயர்களையும் தங்கைக்குச் சொல்லுங்கள். சயன்ஸ், ஹிஸ்ட்ரி, மெத்தமெட்டிக்ஸ் மூன்றும் வாக்கியத்தின் நடுவில் சின்ன எழுத்து. டமில், இங்கிலிஷ், சிங்ஹல என்ற மொழிகளுக்கு எப்போதும் பெரிய எழுத்து. அவளுடைய வட்டங்களில் குறைந்தது இரண்டு இதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அங்கேதான் புள்ளி இழந்தேன்.

இந்த விதிகள் என்றும் மாறாதவை என்றும் எண்ண வேண்டாம். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையில் மக்கள், ஒன்றியம், நீதி என்று பெயர்ச்சொற்கள் பலவும் பெரிய எழுத்தில் இருக்கின்றன; அன்று அது வழக்கம். ஜெர்மன் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லையும் அப்படி எழுதுகிறது, டேனிஷ் 1948இல் கைவிட்டது. இன்டர்நெட் என்ற சொல்லுக்கு ஏபி கையேடு 2016வரை பெரிய எழுத்து வைத்திருந்தது.

புளியந்தீவு வாசகர் எழுதியது:

மட்டக்களப்பில் பறங்கியர் குடும்பங்களோடு ஒரே வீதியில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று கேட்க வேண்டும். "டி சில்வா" போன்ற பெயர்களில் முதல் "டி" பெரியதா, சின்னதா? திருமண அழைப்பிதழ் ஒன்றில் இதைப் பிழையாக அச்சிட்டதால் இரண்டு வீட்டார் மனத்தாங்கல் கொண்டதை நேரில் பார்த்தேன்.

காரைதீவு அச்சகத்தார் எழுதியது:

அதற்கு விதி இல்லை, ஐயா. பெயருக்கு உரியவர் எப்படிக் கையொப்பமிடுகிறாரோ அப்படி. சிலர் சின்ன டியில் எழுதுகிறார்கள், சிலர் பெரிய டியில். வாக்கியம் அந்தப் பெயரில் தொடங்கினால் மட்டும் எப்படியும் பெரிய எழுத்துத்தான். முஸ்லிம் பெயர்களில் வரும் "பின்", "அல்" என்பவற்றுக்கும் இதையே செய்கிறேன். அழைப்பிதழ் என்றால் அச்சேறும் முன்பு இரு வீட்டாரிடமும் எழுதி வாங்கிவிடுவேன்.

களுவாஞ்சிகுடித் தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு அவளே கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தோம். சேர் சொன்னதுபோலவே தகப்பனைப் பற்றிய வரியில் "ஃபிஷர்மன்" சின்ன எழுத்தில் இருந்தது, "ரீச்சர்" பெரிய எழுத்தில். அதைக் கண்டதும் அவள் ஒன்றும் பேசாமல் ரீச்சரைச் சிறிதாக்கினாள். டமில் என்பதைச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள், அதுவும் திருத்தமாயிற்று. தயிரைப் பற்றிய வரியில் "பட்டிக்கலோ கேர்ட்" என்று இரண்டையும் பெரிதாக எழுதியிருந்தாள். ஊர்ப்பெயருக்குப் பெரிய எழுத்து, தயிருக்குச் சின்ன எழுத்து என்று தானே சொல்லிவிட்டாள். 13 வட்டங்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

மிஞ்சிய ஒன்றைத் தான் உங்களிடம் கேட்க வேண்டும். "சுனாமிக்கு முன்பு என் தாத்தாவின் வீடு கடலோரத்தில் இருந்தது" என்று எழுதியிருக்கிறாள். சுனாமி என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கிறாள், அதற்கும் வட்டம். இவள் 2004க்குப் பிறகு பிறந்தவள். ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்.

வாவிக்கரை ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி, அகராதியின்படி வட்டம் சரி. துறைமுகம், அலை என்ற இரண்டு ஜப்பானியச் சொற்கள் சேர்ந்து உண்டான பொதுச்சொல் அது; எந்தக் கடலில் எந்த ஆண்டு வந்தாலும் அதே சொல். "இந்தியன் ஓஷன் சுனாமி" என்று எழுதினாலும் சமுத்திரத்தின் பெயருக்குத்தான் பெரிய எழுத்து, சுனாமிக்குச் சின்ன எழுத்து. பரீட்சையில் அவள் அப்படியே எழுதட்டும், புள்ளி போய்விடக் கூடாது.

ஆனால் நான் முதலில் சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தியப் பிரிவினையை ஆங்கிலத்தில் "பார்ட்டிஷன்" என்று பெரிய பீ போட்டு எழுதுகிறார்கள். பிரிவினை என்பது உலகில் எத்தனையோ இடங்களுக்குப் பொருந்தும் சொல் என்றாலும், அந்த மக்களுக்கு அது ஒன்றே ஒன்றின் பெயர். 2004 டிசம்பர் 26 காலை கல்லடியிலும் நாவலடியிலும் இருந்தவர்களுக்கு இந்தச் சொல்லும் அப்படித்தான் ஆனது. நான் என் சொந்தக் குறிப்புகளில் அதைப் பெரிய எழுத்தில்தான் எழுதுகிறேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன். வட்டம் போட்ட ஆசிரியரோடு இதில் எனக்கு வருத்தமில்லை. அவர் அகராதியின் பக்கம் நிற்கிறார்.

காரைதீவு அச்சகத்தார் எழுதியது:

நினைவு மலர்கள் அச்சிடும்போது நானும் பெரிய எழுத்திலேயே வைக்கிறேன். இதுவரை ஒருவரும் திருத்தச் சொன்னதில்லை.

களுவாஞ்சிகுடித் தாய் எழுதியது:

அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கொப்பியில் சின்ன எழுத்தாகத் திருத்திவிட்டாள். பிறகு கட்டுரையை வேறொரு தாளில் திருத்தங்களோடு முழுவதும் எழுதி, அந்த ஒரு சொல்லை மட்டும் முன்பு இருந்தபடியே வைத்து, தாத்தாவிடம் கொடுத்திருக்கிறாள்.